டீசென்டான பையன்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாரிகுப்பத்திலிருந்து என் மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் தினமும் ரயிலில் பெங்களூர் போய் வேலை செய்பவன். யாரிடம் விசாரித்தாலும் ஒரே பதில்: "டீசென்டான பையன்." சொல்லிக்கொடுத்தது போல எல்லோரும் அதையே சொன்னதால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் ஊரில் அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு ஓர் அளவே கிடையாது. சட்டையை இன் செய்தால் டீசென்ட். குடித்துவிட்டு ரோட்டில் விழாமல் வீட்டுக்குள் போய் விழுந்தாலும் டீசென்ட். என் அக்காவைக் கட்டியவரையும் அப்படித்தான் சொன்னார்கள். அவள் முதுகில் பெல்ட் தழும்போடு திரும்பி வந்தாள்.

பையன் வீட்டுக்கு அடுத்த வீட்டில், என்னோடு ஒரே ஷிஃப்டில் தங்கச் சுரங்கத்தில் இறங்கிய நண்பர் இருந்தார். ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கும் அந்த லைன் வீடுகளுக்கு நடுவே மூங்கில் தட்டிதான் சுவர். இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய்த் தட்டியோரம் உட்கார்ந்தேன்.

"இன்னாப்பா, திடீர்னு?" என்றார் நண்பர்.

"சும்மாதான். பக்கத்து வூட்டுப் பையன் எப்படி?"

"டீசென்ட்டுப்பா."

"அத உடு. அம்மாகிட்ட கத்துவானா? கைய ஓங்குவானா?"

அவர் வாய் திறக்குமுன் தட்டிக்கு அந்தப் பக்கம் பையனின் குரல் கேட்டது: "நீ உக்காரும்மா, தண்ணி நான் புடிச்சாரேன்."

மனசு கொஞ்சம் இளகியது. அடுத்து அவன் அம்மாவின் குரல்: "அண்ணா, அங்கயே டீ குடிச்சிட்டுப் போயிடாதீங்க. இங்கயும் ஒரு வாய் சாப்ட்டுப் போங்க!"

நண்பர் சிரித்துவிட்டார். "நமக்குக் கேட்டா அவுங்களுக்குக் கேக்காதா?"

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அங்கே போய்த் தலை நிமிராமல் சாப்பிட்டேன். அந்தத் தண்ணீர்ப் பேச்சு எனக்காகவே பேசியதோ என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நடிச்சா நடிக்கட்டும்ப்பா. அந்த வூட்ல நான் ஒரு குரல் குடுத்தா அடுத்த வூட்டுக்குக் கேக்கும் இல்ல? அத்த இருந்தது கல்லு செவுரு வூடு. யாருக்குக் கேட்டுது?"

சரி என்று சொல்லியனுப்பினேன். நண்பரை மட்டும் தனியாகப் பார்த்து, எந்தக் காலத்திலும் அந்தத் தட்டியை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

11 மார்ச் 2001, ஞாயிறு.