இயா அபெக்கே நிறுத்தம்

அபெக்கே லாகோஸை விட்டுப் போனது ஒரு மாதக் கடைசிச் சனிக்கிழமை. அன்று துப்புரவு நாள். காலை பத்து மணிவரை ஒரு வண்டியும் ஓடக்கூடாது. பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு அவளும் அவள் அம்மாவும் வெறிச்சோடிய சாலையோரம் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பேசக்கூடாததையெல்லாம் முந்தின நாளே பேசித் தீர்த்திருந்தார்கள்; அடுத்த வீட்டில் இருந்த எனக்கே கேட்டது. பத்து மணிக்கு முதல் பஸ் வந்தது. ஏறினாள்.

அம்மாவை யாரும் சொந்தப் பெயரால் அழைத்ததில்லை. மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து 'இயா அபெக்கே', அதாவது அபெக்கேயின் அம்மா. இருபது வருஷம் அந்தச் சாலையோரத்தில் காராமணி வடை சுட்டதால் பஸ் நிறுத்தத்துக்கும் அதே பெயர். போய்விட்ட மகளின் பெயரை நடத்துநர்கள் நாள் முழுக்கக் கத்தினார்கள்.

புதுச் சந்தையில் கூரை போட்ட கடை தருகிறோம் என்று நகராட்சிக்காரர்கள் சொன்னபோது அவள் மறுத்துவிட்டாள். "நான் நகர்ந்துட்டா அவ எங்கடி வந்து இறங்குவா?"

மறுவாரம் நானும் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டேன்.

ஆறு வருஷம் கழித்துத் திரும்பி, அதே பெயரைச் சொல்லி இறங்கினேன். அடுப்பு இருந்த இடத்தில் சாக்கடை மூடி. சாலையை அகலப்படுத்தி அவளை அப்புறப்படுத்தியிருந்தார்கள். சந்தையின் பின்வரிசையில் கண்டுபிடித்தேன். அங்கே அவள் வெறும் வடைக்காரம்மா.

"இன்னும் உன் பேரைத்தான் கத்துறாங்கம்மா."

"போடி ஊர்சுத்தி! பொய் சொல்லவும் கத்துக்கிட்டு வந்திருக்கே."

ஞாயிற்றுக்கிழமை அவளை பஸ்ஸில் கூட்டிப் போனேன். "இயா அபெக்கே! இயா அபெக்கே!" கதவில் தொங்கியபடி நடத்துநர் கத்தினான். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இறங்க எழுந்ததும் அவன் ஓட்டுநரிடம், "மெதுவா நிறுத்துண்ணே! வயித்துல பிள்ளை, முதுகுல பிள்ளை!" என்றான். எந்தப் பெண் இறங்கினாலும் அப்படித்தான் சொல்வார்கள். இல்லாவிட்டால் வண்டி முழுதாக நிற்காது.

"அடப்பாவி, அறுபது வயசுல எனக்கு ஏதுடா பிள்ளை?"

பஸ்ஸே சிரித்தது. அது போன பிறகும் அவள் கை முதுகுப்பக்கத் துணியைத் தடவிக்கொண்டே இருந்தது.

நிறுத்தத்தில் 'இங்கே சிறுநீர் கழிக்காதே' என்றிருந்த சுவரில், அதற்குக் கீழே, அபெக்கேயின் பெயரையும் என் போன் எண்ணையும் பெயின்டால் எழுதினேன். பிறகு நான்கு ஊர் மாறினேன். எண்ணை மாற்றவில்லை.

மூன்றாம் வருஷம், தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"இயா அபெக்கேல இறங்கிட்டேன். இங்க யாரும் இல்ல. அம்மா எங்க?"