ஏழாவது பிரதிவாதி

வில்லாபுரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறை வைத்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு தையல் மிஷின்கள், துணி வெட்ட ஒரு நீள மேசை, இஸ்திரி போட ஒரு மூலை. தைத்தவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்துத் தெருப் பெண்கள். ஏப்ரல் வந்தால் பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகள் சட்டை போடும்வரை யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது.

கட்டடத்துக்குச் சொந்தக்காரர் பேரையூர்ப் பக்கத்தில் விவசாயம் பார்த்த சம்சாரி. பருத்தியில் வந்ததைச் சேர்த்து மதுரையில் அவர் கட்டிய ஒரே கட்டடம் அது. மாதம் ஒருமுறை பஸ்ஸில் வருவார். மேசையோரம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, "ஒண்ணும் குறை இல்லையேம்மா?" என்பார். ஃபேன் சுற்றவில்லை என்று சொன்னால் அன்றைக்கே ஆள் வந்துவிடும். அண்ணே என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

அவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கோர்ட்டிலிருந்து எனக்குச் சம்மன் வந்தது. அவருக்கு இரண்டு மகன்கள், கடைசியாக ஒரு மகள். அப்பா சொத்தில் தனக்கும் சமபங்கு வேண்டும் என்று மகள் அண்ணன்கள்மேல் வழக்குப் போட்டிருந்தாள். அண்ணன்கள் முதலிரண்டு பிரதிவாதிகள். அடுத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், கீழ்க்கடைக்காரர்கள். ஏழாவதாக நான்.

சம்மனை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினேன். "நீங்க ஒண்ணும் தப்பு செய்யலம்மா. கட்டடத்துல வாடகைக்கு இருக்கீங்கல்ல, பேருக்குச் சேத்திருக்காங்க. அம்புட்டுதான்" என்றார் அவர்.

அன்று மாலை அந்த மகளே போன் செய்தாள். அவள் பெண்ணுக்கு நாங்கள்தான் சீருடை தைத்துக்கொடுத்துவந்தோம். "அக்கா, உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அண்ணனுக ஒரு செங்கல்லுகூட தரமாட்டேங்குறாய்ங்க. நான் என்ன செய்ய?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வழக்கு முடியும்வரை கட்டடம் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும், யாரும் விற்கவோ இடிக்கவோ மாற்றவோ கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டது. வக்கீல் அதைப் படித்துச் சொன்னபோது எனக்கு நல்லதாகத்தான் பட்டது. யாரும் என்னைக் காலி செய்யச் சொல்ல முடியாதல்லவா?

ஐப்பசி மழையில் கூரை கசிய ஆரம்பித்தது. முதலில் ஒரு மூலையில் ஈரம், அப்புறம் நடுவில் ஒரு விரிசல். மூத்த மகனுக்குச் சொன்னேன். பார்க்கலாம் என்றார். ஒரு மத்தியானம் மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து காரை பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. காலர் தைத்துக்கொண்டிருந்த பெண்ணின் தோளில் விழுந்தது. பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து என்னோடு இருந்தவள். அவள் கத்தக்கூட இல்லை. சுண்ணாம்புத் தூளுக்குள் கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா, கை தூக்க வரல" என்றாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தோள் எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே மூத்த மகனைப் போனில் கூப்பிட்டேன்.

"ஆளுக்கு ஒண்ணும் பெருசா இல்லையே?" என்று பதறினார். அது நடிப்பில்லை. ஆனால் பூச்சு வேலையைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறியது. "நாங்க கை வச்சா கோர்ட்டு உத்தரவ மீறிட்டோம்னு தங்கச்சி பெட்டிசன் போடுவா. எதயும் தொடாதீகன்னு வக்கீலு சொல்லிருக்காரு."

"அப்ப நானே பூசிக்கிறேன்ணே."

"நீங்க பூசுனா, பின்னால கட்டடத்துல உரிமை கேப்பீகன்னு தம்பி சொல்லுறான்."

தங்கையைக் கூப்பிட்டேன். "ஐயோ பாவம்" என்று அழுதேவிட்டாள். பிறகு, "அண்ணன் உங்கள வச்சு ஏதாச்சும் செய்யப் பாக்குறாராக்கா?" என்று கேட்டாள்.

யார் என்ன சொன்னாலும் சரி என்று மறுநாள் கொத்தனாரைக் கூட்டிவந்தேன். அவர் சாரம் கட்டக் கம்பு இறக்கும்போதே இளைய மகன் படிக்கட்டில் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கொத்தனார் என்னைப் பார்த்தார். "கேஸு கட்டடமாம்மா? மொதல்லயே சொல்லிருக்கலாம்ல" என்று கம்பைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்.

கூரையைப் பழுதுபார்க்க அனுமதி கேட்டு மனு போட்டோம். ஒரு வாய்தாவுக்கு ஜட்ஜ் லீவு. ஒரு வாய்தாவுக்கு வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்து உள்ளே போகவில்லை. கட்டடத்தைப் பார்த்து அறிக்கை தர ஓர் இளம் வக்கீலைக் கோர்ட் அனுப்பியது. அவர் கம்பால் கூரையைத் தட்டினார்; தட்டிய இடமெல்லாம் உதிர்ந்தது. சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று எழுதினார். அந்த அறிக்கைக்கு இரண்டு தரப்பும் ஆட்சேபம் தெரிவித்தன. ஆட்சேபங்களை விசாரிக்கும் முன்பே ஜட்ஜுக்கு மாற்றல் வந்தது.

கூரைக்கு அடியில் தார்ப்பாய் கட்டித் தைத்தோம். பெண்கள் மேலே பார்த்துக்கொண்டே மிஷினை மிதித்தார்கள். ஒவ்வொருத்தியாக வேலையிலிருந்து நின்றாள். "எம்புருசன் போகக்கூடாதுங்கறாருக்கா." யாரையும் நான் தடுக்கவில்லை. அடுத்த ஏப்ரலில் வழக்கமாக ஆர்டர் கொடுக்கும் பள்ளிக்கூடங்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டன.

திருநகரில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது, காலி செய்துவிடலாம் என்று என் வீட்டுக்காரரிடம் எங்கள் சௌராஷ்ட்ர பாஷையில் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தபடி தலையசைத்தார். அதைச் சொல்லவே எனக்கு அவ்வளவு நாள் ஆகியிருந்தது. ஆனால் காலி செய்வதும் எங்கள் கையில் இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

"சாவிய எங்கிட்ட குடுத்துருங்க" என்றார் மூத்தவர்.

"அண்ணன்கிட்ட குடுத்தீகன்னா உங்க மேலயும் கேஸு வரும்க்கா. தப்பா நினைக்காதீக" என்றாள் தங்கை.

வக்கீல் யோசித்தார். "சாவிய கோர்ட்டுல ஒப்படைக்க அனுமதி கேட்டு மனு போடலாம். புது ஜட்ஜ் வரட்டும்" என்றார்.

மிஷின்களில் பாதிக்கு மேல் விற்றோம். மீதி எங்கள் வீட்டு ஹாலில் சுவரோரம் நிற்கின்றன. நானும் இன்னொரு பெண்ணும் தெரிந்தவர்களுக்குத் தைக்கிறோம். தோளில் அடிபட்டவளின் கை காதுக்கு மேல் எழும்புவதில்லை. ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்தேன். அதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பட்டன் தைக்கவாவது வா என்று அவளைக் கூப்பிட்டேன். "ரெண்டு பஸ்ஸு மாறணும்மா. கூட்டத்துல கம்பியப் பிடிச்சு நிக்க முடியல" என்றாள். அப்புறம் நான் கூப்பிடவில்லை.

கடந்த வாய்தாவுக்குப் போயிருந்தேன். வராந்தா பெஞ்சின் ஒரு முனையில் அண்ணன்கள் இருவரும், மறு முனையில் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேருக்கும் அப்பாவின் நெற்றி, அப்பாவின் மூக்கு. நான் தண்ணீர் குடிக்கப் போனபோது தங்கை பின்னாலேயே வந்தாள்.

"இம்புட்டு தூரம் போகும்னு நினைக்கலக்கா. உங்களுக்குத்தான் பாவம்."

"இப்பவும் உக்காந்து பேசலாமேம்மா. ராஜி பண்ணிக்கிட்டா எல்லாருக்கும் விடிஞ்சிரும்."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "எம்மக சடங்குக்குத் தாய்மாமன் ரெண்டு பேரும் வாசப்படி ஏறலக்கா. சீர் வைக்க ஆளில்லாம பிள்ளைய ஒத்தையா உக்கார வச்சேன். இனி பங்கு வந்தா வருது, வராட்டிப் போகுது. ராஜி மட்டும் ஆகமாட்டேன்."

உள்ளே எங்கள் வழக்கைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வழக்குக் கட்டை மூடி வைத்துவிட்டார்கள். புது ஜட்ஜ் இன்னும் வரவில்லை, கோடை விடுமுறைக்கு அப்புறம்தான் என்றார் ஜூனியர் வக்கீல். அண்ணன்கள் முதலில் எழுந்து போனார்கள். பஸ் ஸ்டாப் வரை சேர்ந்து போகலாமா என்று அவளிடம் கேட்க வாயெடுத்தேன். அவளுடைய வக்கீல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தாள். கொஞ்சம் பொறுத்து நான் வேறு வாசல் வழியாக வெயிலில் இறங்கினேன்.