ரோஸியின் குரலில் பேசும் ரோபோ

இன்றைக்கு மத்தியானம் இரண்டு ரோஸிகளோடு ஒரே ஹாலில் இருந்தேன்.

ஒருத்தி என் அக்கா மகள். இன்னொருத்திக்குச் சக்கரம்!

ரோஸி கேட்டரிங் காலேஜில் கடைசி வருஷம். பாண்டி ஒயிட் டவுனில் ஒரு பெரிய ஓட்டலில் ட்ரெயினிங். அங்கே சாப்பாடு கொண்டுவர ஒரு ரோபோ வாங்கியிருக்கிறார்கள். மூன்று தட்டு, முகத்துக்குப் பதில் ஒரு திரை, அதில் இரண்டு கண்.

முதலில் அது அமெரிக்கக்காரி மாதிரி பேசியதாம். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. "நம்ம ஊர்க் குரல் வேணும், யார் தர்றீங்க?" என்று ட்ரெயினிங் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார்.

ரோஸி தயங்கினாள். நான்தான் உசுப்பிவிட்டேன்.

(உப்பளம் ஏரியாவில் வாடகைக்கு பைக் விடுகிறவன் நான். பாண்டிக்கு வந்த வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் என் வண்டியில்தான் ஊர் பார்த்தார்கள். மீதிப் பேர் வந்த அன்றைக்கு என்னிடம் வண்டி காலி இல்லை!)

"குடு பாப்பா! பேப்பர்ல இருக்கறத மட்டும் படிக்காத. வீட்ல பேசற மாதிரி பேசு. காரமா இருக்கா, இன்னும் கொஞ்சம் வெச்சிக்கோங்க, எல்லாத்தையும் போடு" என்றேன்.

பத்து நாள் பேசிப் பேசிப் பதிவு செய்தாள். ஒப்பந்தப் பேப்பர் பன்னிரண்டு பக்கம். நான் ஒரே நிமிஷத்தில் படித்து முடித்துச் சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். (எட்டாங்கிளாஸ்தான், ஆனால் வேகம்!)

கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த ரோபோ என்றால் உயிர். 'சின்ன ரோஸி' என்று பேர் வைத்துவிட்டார்கள். காலேஜில் ரோபோ பற்றிக் கருத்துக் கேட்டு ஒரு ஃபாரம் கொடுத்தபோது, மொத்த வகுப்பும் சூப்பர் என்றே எழுதியதாம். ரோஸியும்தான். தட்டு தூக்குவதை அது பார்க்கட்டும், விருந்தாளியைச் சிரிக்க வைப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கிறாள்.

போன வாரம் ஒரு நாள் தட்டில் சோறு அப்படியே இருக்க உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, நான் சொல்லாததெல்லாம் அது சொல்லுது."

"என்னா சொல்லுது?"

"கைக்கொழந்தையோட ஒரு அக்கா வந்தாங்க. 'பாப்பா தூங்குதா? நான் மெதுவாப் பேசறேன்'னு சொல்லுச்சு. நான் அத ரெக்கார்டே பண்ணல மாமா. ஆனா அந்த எடத்துல நான் இருந்தா, அததான் சொல்லியிருப்பேன்."

சிரித்தேன். சிரித்து முடித்துப் பார்த்தால் கையில் முடியெல்லாம் எழுந்து நிற்கிறது!

நாளைக்குக் காலையில் இந்தக் குரலை வேறு ஊர்க் கிளைகளில் இருக்கிற ரோபோக்களுக்கும் ஏற்றப் போகிறார்களாம். ஏற்றிவிட்டால் குரலைத் திரும்பக் கேட்டு வாங்க முடியாது. (ஏழாம் பக்கத்தில் இருக்கிறதாம். அந்தப் பக்கம் கொஞ்சம் வேகமாகத்தான் போனேன்.) இன்றைக்கே அழிக்கச் சொல்ல வேண்டும் என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

போனோம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே சாப்பாட்டு நேரம் முடிந்து ஹால் காலி. அவளோடு படிக்கிற டேவிட் மட்டும் மேசை துடைத்துக்கொண்டிருந்தான்.

"போன்ழூர்! வணக்கம்! வாங்க மாமா!"

ரோஸியிடம் திரும்பி, "ஒண்ணாத்தானே வந்தோம், இப்ப என்னா புதுசா வாங்கன்ற?" என்றேன்.

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "நான் இல்ல மாமா."

அது மூலையில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தது. முதுகுதான் எங்கள் பக்கம்!

"செம இல்ல அங்கிள்? எல்லாரையும் மாமா, அத்தைன்னுதான் கூப்புடும். கஸ்டமருங்க உருகிடறாங்க" என்றான் டேவிட்.

"உன் கொரலா இருந்தா இப்புடிச் சிரிப்பியாடா?" என்றாள் ரோஸி.

"என் கொரலா இருந்தா கஸ்டமர் பில்லு கூட வாங்காம ஓடியிருப்பாங்கடி!"

மேனேஜர் வந்தார். நான் மேசையைத் தட்டிப் பேசிய பேச்சில் டம்ளர் எல்லாம் நடுங்கியது! (ஒரு டம்ளர்.)

மனிதர் தன்மையாகத்தான் சொன்னார். "அவங்க குரல், அவங்க முடிவு சார். ஆனா அவங்களேதான் அதுகிட்ட சொல்லணும். ஆமான்னா அழிஞ்சிடும். வேணாம்னா இருக்கும். ஒரே தடவதான் கேக்கும். அவங்க குரல தவிர வேற யார் சொன்னாலும் ஏத்துக்காது."

மூலைக்குப் போய் அதன் திரையில் ஏதோ அழுத்தினார். அது மெதுவாகத் திரும்பியது. உருண்டு வந்து ரோஸிக்கு அரை அடி முன்னால் நின்றது. திரையில் இருந்த கண்கள் அவள் முகத்துக்கு உயர்ந்தன.

"ரோஸி, என் குரல அழிச்சிடட்டுமா?"

அவள் குரலிலேயே!

பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு முழம் தூரத்தில் நின்று அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேணாம்."

அப்போதும் அவள் உதடு பல்லுக்கடியில்தான் இருந்தது.

திரையில் பச்சை விளக்கு எரிந்தது. "நன்றி ரோஸி" என்று சொல்லிவிட்டு அது பழைய மூலைக்கே உருண்டு போனது.

"வேணாம்னுட்டீங்களேம்மா. சரி, இருக்கட்டும்" என்றார் மேனேஜர்.

"சார், நான் வாயே தெறக்கல!"

"நீங்கதானம்மா சொன்னீங்க? என் காதால கேட்டேனே."

டேவிட்டும் தலையாட்டினான். இப்போது அவன் சிரிக்கவில்லை. "எனக்கும் கேட்டுச்சு ரோஸி. உன் கொரல்தான்."

நான் சொல்லும் கதைகளில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தள்ளுங்கள். அந்த உதடு அசையவில்லை என்பதை மட்டும் தள்ளாதீர்கள்.

வீடு வந்து மூன்று மணி நேரம் ஆகிறது. ரோஸி ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டும் என்றாலும் எழுதித்தான் காட்டுகிறாள்.

நாளைக்குக் காலைக்குள் அதை நிறுத்த என்ன வழி? வக்கீல், கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

தயவுசெய்து போன் மட்டும் செய்யாதீர்கள். யார் குரலையும் நம்புகிற நிலையில் இன்றைக்கு நான் இல்லை!