பட்டம் வேண்டாம், வரிசை வேண்டும்

நோர்வேயில் எப்போதும் அரசரின் மூத்த மகன்தான் அடுத்த அரசர் என்று நான் நம்பியிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதை எழுத்திலும் ஏற்றிவைத்தேன்.

ஒஸ்லோவில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து, ஒரு பழைய களஞ்சியக் கட்டிடத்தை வாடகைக்கு எடுத்துச் சின்னக் கோயில் ஒன்றைத் தொடங்கிய காலம் அது. ஊர் வழக்கப்படி திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கு. அந்த நாளின் செலவை ஏற்கும் உபயகாரர் தலையில் ஐயர் பரிவட்டத் துணி கட்டி, பிரசாதம் வைத்த காளாஞ்சித் தட்டைக் கையில் கொடுப்பார். எங்களுக்கு ஆறாம் நாள். கோயிலுக்கு யாப்பு, அதாவது விதிமுறை, எழுதும்போது ஒருவர் கேட்டார்: "உபயகாரருக்குப் பிறகு அந்த நாள் ஆருக்கு?"

நான்தான் துள்ளி எழுந்தேன். "இதிலை என்ன யோசனை? இந்த நாட்டு அரண்மனையைப் பாருங்கோ. இளவரசருக்கு ஒரு அக்கா இருக்கிறா. ஆனா அரியணை தம்பிக்குத்தான். அவையே அப்பிடியெண்டா நாங்கள் ஆர்?"

எல்லோரும் கைதட்டினார்கள். 'மூத்த ஆண் பிள்ளைக்கு' என்று பதிந்தார்கள். தொலைக்காட்சியில் ஒரு குடும்பப் படத்தைப் பார்த்துவிட்டு நான் இயற்றிய அரசியலமைப்பு அது. அப்போது என் மகளுக்கு நாலு வயது. மகன் தொட்டிலில்.

அதன்பிறகு இருபது வருடங்களுக்கு மேல் பரிவட்டம் கட்டிக்கொண்டேன். இந்த நாட்டு அரசருக்கு முடிசூட்டு விழா கிடையாது. அதைச் சட்டத்திலிருந்து எடுத்து நூறு வருடம் தாண்டிவிட்டது. பேருந்து ஓட்டுகிற எனக்கோ வருடாவருடம் நடந்தது. தலைக்கனம் வராமல் என்ன செய்யும்?

பிறகு முழங்காலில் சத்திரசிகிச்சை, இனி நின்று பரிவட்டம் கட்ட முடியாது என்றானது. ஆறாம் நாளுக்கு அடுத்த உரிமையாளரின் பெயரைப் பதியும்படி நிர்வாகம் ஒரு படிவம் அனுப்பியது. மகன் வடக்குக் கோடியில், ஹம்மர்பெஸ்டில் எரிவாயு ஆலையில் வேலை. எங்கள் திருவிழாவுக்கு வந்து பல வருடங்கள். மகளோ ஒரு வருடத்துக்கு முன்பே வேலையில் விடுமுறை கேட்டு வைப்பவள். பூ எடுப்பது, சமையல்காரரோடு சண்டை பிடிப்பது, மண்டபம் கழுவுவது எல்லாம் அவள். நான் செய்வது தலையைக் குனிந்து பரிவட்டத்துக்கு நீட்டுவது.

"தம்பியின்ரை பேரை எழுதப்போறன் பிள்ளை," என்றேன்.

"ஏன்?"

"யாப்பு அப்பிடி. அரண்மனையிலையும் அப்பிடித்தானே."

"அப்பா, அது தொண்ணூறாம் ஆண்டே மாறிட்டுது. அதுக்குப் பிறகு பிறந்த ஆக்களிலை மூத்த பிள்ளைக்குத்தான், ஆணோ பெண்ணோ. இளவரசர் அதுக்கு முதலே பிறந்தவர். அதாலைதான் அவர் முன்னுக்கு. எங்களுக்கு ஸ்கூலிலையே படிப்பிச்சது."

கோயில் தொடங்க முதலே, அவள் பிறக்க முதலே மாறிப்போன சட்டம்! அதைக் காட்டி என் சொந்த மகளை வெளியே நிறுத்தியிருக்கிறேன். அதைவிடப் பெரிய பயம், கூட்டத்தில் எழுந்து 'நான் சொன்னது பிழை' என்று சொல்லவேண்டுமே என்பது. கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகினேன். கண்ணாடியில் இருந்தவனே என்னை நம்பவில்லை.

கூட்டத்தில் எழுந்து யாப்பை மாற்றக் கேட்டேன். நிர்வாகத் தலைவர் என்னைவிட மூத்தவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, இது நீர் சொன்ன சட்டம்தானே?"

"ஓம் அண்ணை. பிழையாச் சொல்லிப்போட்டன்."

"இவ்வளவு காலமும் சரியா இருந்தது இண்டைக்குப் பிழையோ?"

"அண்டைக்கும் பிழைதான். நீங்களும் கைதட்டினியள்."

சிரிப்பு எழுந்தது. தலைவர் சிரிக்கவில்லை, சமரசத்துக்கு வந்தார். "சரி, மகளுக்கு ஒரு பட்டம் குடுப்பம். 'உபய நாயகி' எண்டு நோட்டீசிலை பெரிசாப் போடுவம். காளாஞ்சியை மட்டும் மகன் வாங்கட்டும்."

நான் தலையாட்டத் தொடங்கிவிட்டேன். பயந்தவன் எதற்கும் தலையாட்டுவான். பின்வரிசையில் இருந்து மகள் எழுந்தாள்.

"மாமா, அரண்மனையிலை ஆருக்கு என்ன பட்டம் எண்டு அரசர் தீர்மானிக்கலாம். ஆனா அரியணைக்கு ஆர் முன்னுக்கு, ஆர் பின்னுக்கு எண்டதிலை அவர் கை வைக்கேலாது. அது சட்டத்திலை இருக்கு. நீங்கள் தாறது பட்டம். நான் கேக்கிறது வரிசை. பட்டத்தை நீங்களே வைச்சிருங்கோ."

ஆடிக்கொண்டிருந்த என் தலை நின்றுவிட்டது.

அடுத்த கூட்டத்துக்குத் தலைவரும் அரண்மனைச் சட்டத்தைப் படித்துக்கொண்டு வந்திருந்தார். 'மூத்த பிள்ளைக்கு' என்று யாப்பு மாறியது. ஆனால் இனிமேல் பிறக்கும் பிள்ளைகளுக்கு மட்டும். "அரண்மனை மாதிரியே செய்திட்டம் தம்பி," என்றார் என்னைப் பார்த்து. "முதலே பிறந்த ஆக்களுக்குப் பழைய முறைதான்." என் செருப்பாலேயே எனக்கு அடி.

படிவத்தில் மகளின் பெயரை எழுதினேன். திருப்பி அனுப்பினார்கள். இன்னும் அழுத்தி எழுதினேன். மறுபடியும் வந்தது. மூன்றாம் தரம் எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது, கிழிந்ததையே அனுப்பினேன். கடைசியில் அவர்களாகவே மகனின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். ஹம்மர்பெஸ்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"நான் வரமாட்டன் அப்பா," என்றான் மகன். "அக்கா பாக்கிற வேலைக்கு நான் வந்து தலையை நீட்டுறதோ? அதுக்கு நீங்கள் ஒராள் போதும்."

ஆறாம் திருவிழா. நான் ஊன்றுகோலோடு கதிரையில். பூசை முடிந்து, ஐயர் மகனின் பெயரைக் கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். தலைவர் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, நீராவது எழும்பிப் போம்."

"ஏலாது அண்ணை. முழங்கால்."

முழங்கால் அன்று அவ்வளவு மோசமில்லை. நெஞ்சுதான் பேருந்து இயந்திரம் மாதிரி அடித்தது. எழும்பினால் அந்த நாள் மறுபடி என்னுடையதாகிவிடும். கதிரையின் கைப்பிடி இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

மகள் முன்னால் போய் நின்றாள். ஐயர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார்.

ஐயர் அவளுக்குப் பரிவட்டம் கட்டவில்லை. காளாஞ்சியைக் கொடுத்தார், அவள் வாங்கினாள். பதிவேட்டில் இன்னும் மகனின் பெயர்தான் இருக்கிறது.