வீடு என்று பதிந்த இடம்

அவர் முதன்முதலாகத் தன்னிடம் வந்து பேசியதை அவளால் இன்றும் வரிசை தவறாமல் சொல்ல முடியும்.

கார்களுக்கு ஸ்கிரீன், ஸ்பீக்கர், பின்பக்கக் கேமரா எல்லாம் பொருத்தித் தருகிற கடை அது. பொருத்துவது எலெக்ட்ரீஷியன். பொருத்திய பிறகு வருகிற புலம்பல்களைக் கேட்பது அவள் வேலை. ஸ்கிரீனும் அதன் கையேடும் பேசுகிற மொழி ஒன்று, வாடிக்கையாளர்கள் பேசுகிற மொழி வேறொன்று. அவள் இரண்டையும் படித்தவள் என்பதால் அந்த நாற்காலி அவளுக்கு வாய்த்தது. அதிகம் பேசாதவள் என்பதும் அந்த வேலைக்குத் தோதாக இருந்தது.

சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, காதோரம் நரை, கையில் தொங்கும் ஒரு கேபிள். வாசலில் நின்றபடியே, "இங்க டாக்டரம்மா யாரு?" என்று கேட்டார்.

இங்கே டாக்டர் யாரும் இல்லை என்றாள்.

"வண்டிக்குப் பார்க்குற டாக்டர்தாம்மா. போன வாரம் ஸ்கிரீன் மாட்டினீங்க. போனைச் சொருகினா மேப் வரும்னு சொன்னீங்க. சொருகினேன். வரல."

போனில் சார்ஜ் ஏறுகிறதா என்று கேட்டாள்.

"அதெல்லாம் நல்லா சாப்பிடுது. வேலைதான் செய்ய மாட்டேங்குது. எங்க வீட்டு மாப்பிள்ளை மாதிரி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேபிளை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். டாக்ஸி ஸ்டாண்டுக்கு எதிரே, பிளாட்பாரத்தில் என்றார். கரண்ட் போவதற்கு மட்டும் கம்பி வைத்த கேபிள் அது; போனும் ஸ்கிரீனும் பேசிக்கொள்ள அதில் வழி கிடையாது. கடையிலிருந்து வேறொன்றை எடுத்துப்போய்ச் சொருகினாள். ஸ்கிரீன் ஒருமுறை கண்ணைச் சிமிட்டி, தெருத்தெருவாக விரிந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

"சார்னு கூப்பிட்டா பில்லு பெருசா வரும். அண்ணேன்னே கூப்பிடு."

பிறகு, மற்ற வாடிக்கையாளர்கள் யாரும் பார்க்காத அளவு நேரம் அந்த மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார்: "இது தப்பா சொல்லாதுல்ல?"

சிக்னல் இல்லாத இடத்தில் கொஞ்சம் தடுமாறும், மற்றபடி சொல்லாது என்றாள் அவள்.

"அப்ப சரி" என்றார். மாத்திரை கிடைத்த நோயாளி மாதிரி அந்தக் கேபிளைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் ரிவர்ஸ். காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு, உள்ளே போனால் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. மற்ற டிரைவர்கள் வேர்த்து வழிந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் திட்டு வாங்கி வெளியே வருவார்கள். இவர் பக்கத்து சீட்டின் முதுகில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, பயணியிடம் பாதியில் விட்ட கதையைத் தொடர்ந்தபடியே, சந்து முழுவதையும் பின்னோக்கி ஓட்டி வந்துவிடுவார். லாரியில் கிளீனராகத் தொடங்கியவர். பிறகு ஒரு துணிக்கடை முதலாளியின் காரை ஓட்டினார். பிறகு கை மாறி வந்த ஒரு பழைய காரைத் தனக்கென்று வாங்கினார். மகள் படித்ததும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும் அந்த வண்டியால்தான். ஆஸ்பத்திரிக்கு, ரயிலுக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு என்று ஊரே அவருடைய பின்சீட்டில் உட்கார்ந்து எழுந்திருக்கிறது.

இளவட்டங்கள் போனைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து ஓட்டத் தொடங்கியபோது வாய் ஓயாமல் கிண்டல் செய்தவர் அவர்தான். "போன் சொல்லி ஓட்டுறவன் டிரைவர் இல்லடா, போனுக்குக் கிளீனர்" என்பார். அப்படிப்பட்டவரே ஸ்கிரீன் மாட்டிக்கொண்டு வந்து நின்றால் ஸ்டாண்டில் சும்மா விடுவார்களா. "என்ன ரிவர்ஸ், கிளீனர் வேலைக்குத் திரும்பிட்டீங்களா?" என்று ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். மகள் ஆசைப்பட்டு வாங்கித் தந்தாள், மறுக்க மனம் வரவில்லை என்று சொல்லிச் சமாளித்தார். மகளுக்கு அந்த விஷயமே தெரியாது.

இரண்டாவது முறை, அம்பு நகரவில்லை என்று வந்தார். வண்டி போய்க்கொண்டிருக்கிறது, ஸ்கிரீனில் இருக்கிற அம்பு மட்டும் கடந்துபோன தெருவிலேயே நிற்கிறது. அவள் போய்ப் பார்த்தால், டாஷ்போர்டு டிராயரில் ஸ்பேனர்களுக்கு அடியில் புதைந்து கிடந்தது போன். போதாக்குறைக்கு, சார்ஜ் மிச்சப்படுத்துகிற பட்டனை வேறு யாரோ அமுக்கி வைத்திருந்தார்கள். போனை வெளியே எடுத்து வைத்து, பட்டனை அணைத்ததும் அம்பு துள்ளிக்கொண்டு சரியான இடத்துக்கு வந்தது. இன்னொரு முறை, குரல் கேட்கவில்லை என்றார். குரல் பேசிக்கொண்டிருக்கும்போது சத்தத்தைத் திருகினால்தான் அதன் சத்தம் கூடும். மற்ற நேரத்தில் திருகினால் பாட்டின் சத்தம்தான் கூடும். அதைச் செய்து காட்டினாள். ஒவ்வொரு முறையும் கோளாறு போனிலோ கேபிளிலோ இருந்தது, ஒவ்வொரு முறையும் அவர் முகம் தெளிந்து திரும்பிப்போனார்.

அதனால், "மத்த இடமெல்லாம் சரியா காட்டுதும்மா, வீட்டுக்குப் போற வழியை மட்டும் தப்பா காட்டுது" என்று அவர் வந்தபோதும் அவளுக்கு வித்தியாசமாகப் படவில்லை. போன் தன் இருப்பிடத்தைத் துல்லியமாகச் சொல்கிறதா என்று பார்த்தாள். மேப்பைப் புதுப்பித்தாள். போனையும் ஸ்கிரீனையும் பிரித்து மறுபடி இணைத்தாள். 'வீடு' என்று பதிந்திருந்த இடம் அவர் மனைவி பதிந்துகொடுத்தது; அதுதான் தப்பு என்றார். சரியான விலாசத்தைச் சொல்லச் சொன்னாள். கதவு எண், தெரு, எதிரே மாவு மில் என்று கடகடவென்று சொன்னார். அப்படி ஒரு தெருவே மேப்பில் இல்லை. "பார்த்தியா" என்றார், வழக்கில் ஜெயித்தவர் மாதிரி.

ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அவளும் வண்டியில் ஏறினாள். இடதுபுறம் திரும்பச் சொன்னது குரல். "கேட்டியா, இங்கதான் ஆரம்பிக்குது அதோட கூத்து" என்று அவர் வலதுபுறம் திரும்பினார். குரல் கோபித்துக்கொள்ளவில்லை. புதிதாக ஒரு வழியைக் கண்டுபிடித்துச் சொன்னது. அதையும் தள்ளினார். இன்னொன்றைச் சொன்னது.

வண்டியை அவர் நிறுத்திய இடம் ஒரு மேம்பாலத்தின் அடி. இரண்டு தூண்களுக்கு நடுவே காலி லாரிகள் நின்றன. மேலே வண்டிகள் போகும் அதிர்வு காருக்குள் வந்தது. அவர் கண்ணாடியை இறக்கி அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார்.

"எதிர்ல மாவு மில்லு இருக்கும்" என்றார்.

அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அவரே பேசினார். யாரோ கொண்டுவந்த சேதியை வாய்விட்டுப் படிப்பது போலிருந்தது.

"பாலம் கட்டும்போது வீட்டை இடிச்சாங்கல்ல. நான்தானே சாமானெல்லாம் ஏத்தினேன். இதே வண்டியிலதான்." அப்புறம் சிரிக்கப் பார்த்தார். "வீட்டைத் தூக்கிட்டுப் போனது தெரியாம விருந்துக்கு வந்த கதையா ஆயிடுச்சு."

திரும்பும்போது குரல் சொன்னபடியே ஓட்டினார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, புதிதாக ஓட்டப் பழகுகிறவரைப் போல. வழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முதலில் பயணிகள் சொல்கிற தெருக்கள் நினைவிலிருந்து நழுவினவாம். பிடி கிடைக்காமல் சுற்றுவார், வேண்டுமென்றே சுற்றுகிறார் என்று பயணிகள் சண்டை பிடிப்பார்கள். அதற்காகத்தான், காரணத்தை யாருக்கும் சொல்லாமல், ஸ்கிரீனைத் தேடி வந்தார். ஸ்டாண்டில் தெரிந்தால் சிரிப்பார்கள். வீட்டில் தெரிந்தால் சாவியை வாங்கி வைத்துவிடுவார்கள். சாவி இல்லையென்றால் காலையில் எழுந்து எதற்குச் சட்டை போட வேண்டும் என்று தனக்குத் தெரியவில்லை என்றார். பின்சீட்டில் யாரையாவது வைத்துக்கொண்டு ஏதாவது ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது என்றார். இரண்டு பயமும் ஒரே குரலில்தான் வந்தன.

புது வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்குவதற்கு முன் அவளிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். அவள் சரி என்றாள்.

அதற்குப் பிறகு அவர் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. கண் சரியில்லை என்று அங்கே சொல்லிவிட்டார். மனைவியிடம் உண்மையைச் சொன்னார். டாக்டர் மாத்திரை எழுதினார், வண்டியைத் தொடாதீர்கள் என்றும் சொன்னார். அதை மட்டும் அவர் காதில் வாங்கவில்லை. பக்கத்துக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மனைவியை ஏற்றிக்கொண்டு, ஸ்கிரீனைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். மனைவி சாவியைக் கேட்டால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். மகள் வந்து கேட்டாள். அவளோடு பேச்சே நின்றுபோனது.

ஒரு முற்பகல் கடை வாசலில் அந்த வண்டி வந்து நின்றது. பின்சீட்டில் அவர் மனைவி, கதவுப் பிடியை இறுகப் பற்றியபடி, வெளுத்த முகத்தோடு. காய்கறி வாங்கப் போனவர்கள் ஊரைச் சுற்றிவிட்டு வந்திருந்தார்கள்.

"மத்த இடமெல்லாம் சரியா காட்டுதும்மா" என்று தொடங்கினார் அவர், முதல் முறை சொல்வது போல. "வீட்டுக்குப் போற வழியை மட்டும் தப்பா காட்டுது."

அவள் போனைப் பார்த்தாள், கேபிளைப் பார்த்தாள், அம்பைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. அவற்றில் ஏதாவது ஒன்றாவது கெட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது.

"வண்டி இங்கயே இருக்கட்டும்ண்ணே. ஒரு பார்ட் மாத்தணும்."

வீட்டில் யார் கேட்டும் கொடுக்காத சாவியை உடனே எடுத்து நீட்டினார். "சாயங்காலம் வரட்டுமா?"

"பார்ட் வரணும்ண்ணே. சொல்லி அனுப்பறேன்."

கடைக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் வண்டி நிற்கிறது. இது கடையா கார் ஷெட்டா என்று முதலில் முணுமுணுத்த முதலாளி, விஷயம் தெரிந்ததும் தானே ஒரு கவர் வாங்கி வந்து போர்த்தினார். பேட்டரி செத்துவிடாமலிருக்க அவள் அவ்வப்போது எஞ்சினைப் போட்டுவிடுவாள். ஸ்கிரீன் விழித்ததும் அவருடைய போனைத்தான் தேடும். தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்று எழுதிக் காட்டும். பதிவிலிருந்து அந்தப் போனை நீக்கிவிட்டால் தேடாது. அவள் நீக்கவில்லை.

அவர் அநேகமாக தினமும் வருகிறார், மனைவி கூட வர, நடந்து. "பார்ட் வந்துச்சாம்மா?" என்பார். இன்னும் வரவில்லை என்பாள். "என்னம்மா, அந்தப் பார்ட்டு என்னை மாதிரி நடந்தா வருது?" என்று ஆரம்பத்தில் சிரித்தார். போகப்போகச் சிரிப்பு நின்றது. டாக்டரம்மா என்று கூப்பிடுவதும் நின்றது.

போன வாரம் கடை நிறைய ஆட்கள் இருந்தபோது உள்ளே வந்தார். சட்டையில் ஒரு பட்டன் மாறிப் போயிருந்தது. அவளை நோக்கி நேராகக் கை நீட்டி, "இவதான் என் வண்டியை அமுக்கிட்டா. திருடி" என்றார். பழைய ஸ்டாண்டு டிரைவர் ஒருவர், கவுண்டரில் ஏதோ வாங்க வந்தவர், அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஏம்மா, வயசான மனுஷன் வண்டியை ஏன் இழுத்தடிக்கிறீங்க என்று கேட்டார். அந்த டிரைவருக்குப் பதில் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அதை மென்று விழுங்கினாள்.

"இன்னும் பார்ட் வரலண்ணே" என்றாள் அவரைப் பார்த்து. இடதுபுறம் என்று சொல்லியும் வலதுபுறம் திரும்புகிறவரிடம் ஸ்கிரீன் பேசுமே, அந்தக் குரலில்.

மனைவி அவர் கையைப் பிடித்து அழைத்துப்போனார். படியில் நின்று திரும்பி, "மனசுல வெச்சுக்காதம்மா" என்றார். இல்லை அண்ணி என்று அவள் தலையசைத்தாள். மேஜை டிராயரில், சுருட்டி வைத்த கேபிள்களுக்கு அடியில் சாவி இருந்தது. அவர்கள் தெருமுனை திரும்பும் வரை அவள் கை டிராயரின் மேலேயே இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கூப்பிட்டுக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தாள்.

பாலத்தடியிலிருந்து திரும்பிய அன்று, வந்துசேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று ஸ்கிரீன் சொல்லி முடித்திருந்தது. மாடியில் மனைவி எட்டிப் பார்ப்பது தெரிந்தது. அவர் எஞ்சினை அணைத்தார், ஆனால் சாவியை உருவவில்லை. அதன் மேல் கையை வைத்தபடியே கேட்டார்:

"வீட்டு ஆளுங்க கேட்டா கொடுக்க மாட்டேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். ரிப்பேர்னு சொல்லி நீ கேட்டா கொடுத்துடுவேன். இந்த ஸ்கிரீன் நல்லா இருக்கும்போதே, வீட்டுக்கு வழி தப்பா காட்டுதுன்னு இன்னொரு தடவை வந்து நின்னேன்னா, சாவியை வாங்கி வெச்சுக்கோம்மா. அப்புறம் வந்து கேட்பேன். கெஞ்சுவேன். அசிங்கமா திட்டுவேன். என்ன சொன்னாலும் கொடுத்துடாதே."