தொழுவத் தரைமேல் நின்ற வில்வம்

சிவனை நம்புகிறவன் பேயை நம்பத் தேவையில்லை என்பது என் கொள்கை. ஊரில் சுடலையை ஒட்டிய பாதையால் தனியே நடந்து பழகியவன் நான். ஆவி, காற்றுக்கறுப்பு என்று எவராவது தொடங்கினால் எழுந்து போய்விடுவேன். நீங்களும் இதைப் பாதியில் விட்டு எழுந்து போகலாம். கோபிக்க மாட்டேன்.

ரொறன்ரோவின் கிழக்கெல்லையில் ஓர் அரசுக் கல்லூரி. பெயர் வேண்டாம். உழவர்கள் தம் பிள்ளைகள் பயிர்த்தொழிலும் பால்பண்ணையும் கற்கவென்று நிலம் கொடுத்து எழுப்பியது. இன்று கணினியும் கணக்கியலும் கற்பிக்கிறது. வாசலில் பழைய கலப்பை ஒன்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், இறந்தவரின் படத்தை வைப்பதுபோல. மிஞ்சியிருந்த ஒரேயொரு பயிர்ப் பிரிவையும் சென்ற மாரிக் குளிரில் மூடினார்கள். அப்பிரிவின் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தைப் பராமரித்தவள் செல்வி, என் நண்பரின் மகள். அக்காலத்து மாட்டுத் தொழுவத்தின் கொங்கிறீற் தரைமேலேயே அக்கூடத்தைக் கட்டியிருந்தார்கள்.

அங்கேதான் என் வில்வம் நின்றது. டோர்செட் பார்க்கில் என் அடுக்குமாடி வீட்டுக்கு வெயில் வராது என்பதால், நான் கொடுத்த விதையைச் செல்வி அங்கே முளைக்க வைத்து, பெரிய சட்டியில் இடுப்பளவுக்கு வளர்த்திருந்தாள். பச்சை வில்வம் சாத்திச் சிவபூசை செய்ய வேண்டும். இந்தப் பனிநாட்டில் அதற்கு மேல் ஓர் ஆசை எனக்கு இருந்ததில்லை. கூடம் மூடப்படப் போகிறது என்றறிந்து, மரத்தைக் கோயிலில் வைக்கலாமா என்று கேட்டேன். "காய்ஞ்ச வில்வம் பக்கற்றில வருது ஐயா, உதுக்கு ஏன் மினக்கெடுறியள்?" என்றார் கோயில் நிர்வாகி.

ஒரு திங்கட்கிழமை செல்வி அழைத்தாள்.

"அங்கிள், ஹீற்றரை இண்டைக்கு நிப்பாட்டப் போகினம். இரவைக்கு மைனஸ் இருபது. பிளீஸ், உடன வந்து மரத்தை எடுங்கோ."

"இண்டைக்குச் சோமவாரம் பிள்ளை. வில்வத்தில கை வைக்கப்படாது. நீயும் தொடாத. நாளைக்கு வாறன்."

"எனக்கு வேலையே போகுது, நீங்கள் கிழமை பாக்கிறியள்! அப்ப சிவபெருமானையே வந்து போத்துவிடச் சொல்லுங்கோ." வைத்துவிட்டாள்.

திங்களில் இலை பறிக்கத்தான் தடை என்பீர்கள். தூக்கும்போது உதிரும் இலைக்கு யார் பொறுப்பு?

மறுநாள் நண்பகல் செல்வியும் நானும் போனோம். உள்ளே வாழை கறுத்துச் சரிந்து கிடந்தது. தக்காளி, மிளகாய் எல்லாம் அவித்த கீரைபோலத் தொங்கின. வில்வம் மட்டும் பச்சையாக நின்றது, ஓர் இலைகூட வாடாமல். செல்வி வாயில் கை வைத்தபடி நின்றாள்.

வில்வத்தடியில் பாதணியோடு நான் நிற்பதில்லை. சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன்.

"அங்கிள், விசரே உங்களுக்கு? கால் விறைச்சுப் போயிடும்!"

விறைக்கவில்லை. தரை சூடாக இருந்தது. வெயில் பட்ட கல்லின் சூடு அன்று. உயிருள்ள உடம்பின் சூடு. நம்பினால் நம்புங்கள், அது அசைந்தது. என் உள்ளங்காலின் கீழ் மெல்ல உயர்ந்தது, தாழ்ந்தது, மறுபடி உயர்ந்தது, படுத்து அசைபோடும் பசுவின் விலாவில் கால் வைத்தாற்போல. பதிகம் ஓத வாயெடுத்தேன். வாழ்நாளெல்லாம் ஓதியதில் ஒரு சொல்லும் வரவில்லை.

"தரையைத் தொட்டுப் பார் பிள்ளை."

கையுறையைக் கழற்றி, என் காலுக்கு அருகிலேயே உள்ளங்கையை வைத்தாள். "ஐஸ், அங்கிள். வெறும் ஐஸ். வாங்கோ, ரெண்டு பேருமாத் தூக்குவம். நாளைக்கு உடைக்கிறவங்கள் வருவாங்கள். கார் பார்க்கிங் வரப்போகுதாம்."

தூக்கினோம். சட்டி தரையை விட்டு எழுந்த கணத்தில், கீழே உயர்ந்துகொண்டிருந்த மூச்சு பாதியில் நின்றது. உடனே குளிர் கத்திபோல என் காலில் ஏறியது.

"ஏன் நிக்கிறியள்? பாரமாக் கிடக்கு!"

"ஒண்டுமில்லை பிள்ளை."

இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன. செல்விக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. மரம் என் வீட்டில், அவள் பொருத்தித் தந்த செடி வளர்ப்பு மின்விளக்கின் கீழ் மும்மூன்றாகத் தளிர்க்கிறது. நாள்தோறும் குளித்து, நீறு பூசி, பறிக்கக் கை நீட்டுகிறேன். கை இடையில் நின்றுவிடுகிறது. அந்த மூச்சு உயர்ந்ததை அறிவேன், அது இறங்கவேயில்லை.