கண்காட்சிக்குக் கொடுத்த மாப்பிள்ளைப் படம்

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தைய வருஷம் மலாக்கா டவுனில் ஒரு சின்ன வரலாற்றுக் கழகம் இருந்தது. அதில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்று எங்கள் தமிழ்ப் பள்ளிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பள்ளியில் கல்யாணமாகாத ஆசிரியை நான் ஒருத்திதான். சனிக்கிழமை சாயங்காலங்களில் எனக்கு வேறு வேலை இருக்காது என்று தலைமையாசிரியர் தாமாகவே முடிவு செய்து என்னை அனுப்பிவைத்தார்.

நான் அலோர் காஜா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். வேலை கிடைத்த பிறகு காஜா பேராங்கில் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தங்கியிருந்தேன். கழகத்துக்குப் போவது முதலில் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்றின் மேலிருந்த டச்சுக்காரர் கல்லறைகளில் பாசியைச் சுரண்டுவோம். யாராவது ஒருவர் பழைய கோட்டையைப் பற்றிப் பேசுவார், டீயும் பிஸ்கட்டும் வரும். தலைவர் ஒரு வெள்ளைக்காரர்; முன்பு தோட்டத் துரையாக இருந்தவர். செயலாளர் பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்ந்துவந்த ஒரு பாபா சீனர், யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிறவர். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

சுதந்திரம் நெருங்கியதும் கழகம் ஒரு கண்காட்சி நடத்தத் தீர்மானித்தது. கொண்டாட்ட வாரத்தில் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை எடுத்து, போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், மலாய்க்காரர், சீனர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி ஒதுக்கினார்கள். இந்தியர் மூலை என்னுடைய பொறுப்பு. காட்சிக்கு வைக்கத் தகுந்த பழைய சாமான்கள் தோட்டத்து ஜனங்களிடம் ஏது? பக்கத்திலேயே இருந்த மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டிக்குப் போனேன்.

செட்டிகள் நம் சாமியைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் எத்தனையோ தலைமுறையாக இந்த மண்ணிலேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்து வாழ்ந்ததால் வீட்டில் அவர்கள் பேசுவது ஒரு மாதிரி மலாய். அங்கங்கே சில தமிழ்ச் சொற்கள் கலந்து வரும். என் மலாயும் தோட்டத்தில் கற்றுக்கொண்ட மலாய்தான். எப்படியோ புரிந்துகொண்டோம். ஒரு வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கு கொடுத்தார்கள், இன்னொரு வீட்டில் பெண்கள் சாரோங்குக்கு மேலே போடும், சரிகை வைத்த பழைய கெபாயாச் சட்டை. மூன்றாவது வீட்டில் முப்பது வயதைக் கடந்த ஒரு பெண், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே உள்ளே போய் கண்ணாடி போட்ட ஒரு படத்தை எடுத்து வந்தாள்.

கல்யாணப் படம். சரிகைத் தலைப்பாகையும் நீண்ட மேலங்கியும் மாலையுமாக ஒரு இளைஞன் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான்.

"என் வீட்டுக்காரர்," என்றாள். "சப்பான்காரன் சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனான். கிளேபாங் பக்கம் மரவள்ளி வாங்கப் போனவரை லோரியில ஏத்திட்டாங்க. இதை வைங்க சிக்கு." மலாயில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பேரும் எழுதுங்க. சயாமுக்குப் போனவர்னு எழுதுங்க."

சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது என் அப்பாவும் போனவர்தான். எங்கள் தோட்டத்திலிருந்து மட்டும் ஒரு லோரி நிறைய ஆட்களைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவர்களில் ஒருவர் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று, "அண்ணன் போய்ட்டாரும்மா," என்று சொன்னார். என் அம்மா அன்று சாயங்காலமே பொட்டை அழித்துவிட்டார். இந்தப் பெண்ணுக்கு அப்படி வந்து சொல்ல ஆள் இருக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் படத்தை மேசை மேல் வைத்து அவள் கேட்டதைச் சொன்னேன். தலைவர் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். அவரும் சண்டையில் சிறைப்பட்டவர் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"இது இன்னும் வரலாறு ஆகவில்லை, மிஸ்," என்றார். "சூடு ஆறவில்லை. அதோடு இது மகிழ்ச்சியான வாரம். ஜப்பானியர் காலத்தை நாம் தொடவே வேண்டாம்."

"இது வரலாறு இல்லையென்றால் வேறு என்ன?" என்று கேட்டேன். கழகத்தில் நான் குரலை உயர்த்திப் பேசியது அன்றைக்குத்தான். செயலாளர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வழி சொன்னார். படத்தில் இருப்பது செட்டிகளின் கல்யாண உடை; தலைப்பாகை மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. உடைக்காகவே வைக்கலாம். 'செட்டி மணமகனின் உடை' என்று எழுதினால் போதும், பேர் வேண்டியதில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தயங்கித் தயங்கிப் போனேன். அவளோ கோபப்படவே இல்லை.

"சனங்க வருவாங்கதானே?"

"வருவாங்க."

"தோட்டத்துத் தமிழங்களும் வருவாங்களா?"

"கொண்டாட்டம் பார்க்க லோரி லோரியா வருவாங்க அக்கா."

"அப்ப சரி. என்ன வேணும்னாலும் எழுதிக்கங்க."

அவள் மனதில் இருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் கணவனுக்கு நினைவுச் சின்னம் கேட்கவில்லை. அவனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கண்காட்சி தொடங்கிய அன்று காலையிலேயே வந்துவிட்டாள். படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். திடலில் கொண்டாட்டம் பார்த்துவிட்டு, வெயில் தாங்காமல், மண்டபத்து மின்விசிறிக்காகவே ஜனங்கள் உள்ளே வந்தார்கள். குழந்தைகள் பீரங்கிக் குண்டுகளைத் தொட்டுப் பார்த்தன. அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆண்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சயாமுக்குப் போய்த் திரும்பியவர்களின் முழங்காலுக்குக் கீழே பழைய புண்ணின் தழும்பு பளபளவென்று, தோல் சுருங்கி, குழி விழுந்து கிடக்கும். அப்படி ஒரு காலைக் கண்டதும் என் கையைப் பிடித்து இழுப்பாள். நான் போய்த் தமிழில் கேட்பேன்.

"அண்ணே, சயாமுக்குப் போனீங்களா?"

சிலர் என்னை முறைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். சிலர் படத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள். "தலப்பாக் கட்டிக்கிட்டு மாப்பிள்ளையா நிக்கிற ஆள எப்படிம்மா அடையாளம் சொல்றது? அங்க எல்லாரும் கோமணத்தோட எலும்பும் தோலுமால்ல இருந்தோம்," என்றார் ஒருவர். அவர் சொன்னதில் பிழையில்லை. அவளிடம் வேறு படமும் இல்லை.

இரண்டாம் நாள் மதியம், ஜாசின் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் குனிந்து கண்ணாடிக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இவரு தமிழு பேச மாட்டாரே? மலாய்தானே பேசுவாரு?"

மலாய் என்ற சொல்லிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றாள்.

"எங்க கேம்புல ஒருத்தரு இருந்தாரு. கழுத்துல உருத்திராட்சம் போட்டிருப்பாரு, பேச்சு மட்டும் மலாயி. வேடிக்கையா இருக்கும். மழைக்காலத்துல காலரா வந்திச்சு. அவரையும் தூக்கிக்கிட்டுச் சீக்காளிங்களப் போடற கொட்டாய்க்குப் போனாங்க."

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அந்தக் கொட்டாய்க்குப் போனவங்க யாரும் திரும்பலம்மா."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் மலாயில் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. எங்கள் வாசலில் நின்று அம்மாவிடம் பேசிய அந்த மனிதரின் வேலையை இப்போது நான் செய்துகொண்டிருந்தேன்.

"செத்ததை இவர் பார்த்தாரா? கேளுங்க சிக்கு," என்றாள்.

பார்க்கவில்லை என்றார்.

"அவருக்கு இடது கையில சுண்டுவிரல் நுனி இருக்காது. அதைப் பார்த்தாரா?"

அதையும் கவனிக்கவில்லை என்றார். "அப்ப அது வேற ஆள்," என்று சொல்லி அவள் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். அந்த மனிதர் அவளைக் கும்பிட்டுவிட்டு வெளியே போய், படிக்கட்டில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பாவைப் பற்றி அவரிடம் கேட்க வாய் வரை வந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

இந்தியர் மூலையில் யாரோ சயாமுக்குப் போனவர்களைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்ற பேச்சு அதற்குள் திடலுக்குப் பரவிவிட்டது. பெண்கள் வரத் தொடங்கினார்கள். அவர்கள் படத்தைப் பார்க்க வரவில்லை. அவளுக்கு ஏதோ தெரியும் என்று நினைத்து வந்தார்கள். "எங்க அண்ணன், கருப்பா, நெட்டையா இருப்பாரு, உங்க வீட்டுக்காரரு கூடப் போனாரா?" அவளுக்குத் தமிழ் தெரியாது என்று நான் சொல்லச் சொல்ல, அவர்கள் என்னையே சூழ்ந்துகொண்டார்கள். ஒரு அம்மாள் உரக்க அழுதுவிட்டார். டச்சுக்காரர் பகுதியில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை தலைவர் என்னைத் தனியே அழைத்தார். பெரிய மனிதர் ஒருவர் பார்வையிட வருகிறார், அந்தப் பெண் வெளியே உட்கார்ந்தால் நல்லது என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. பாதி சிகரெட்டை அணைத்துவிட்டு உடனே இன்னொன்றைப் பற்றவைத்தார். செயலாளரே ஒரு நாற்காலியைத் தூக்கிப் போய் வராந்தாவில் போட்டு, குடிக்க ஆரஞ்சுத் தண்ணீரும் கொடுத்தார். படம் உள்ளே இருந்தது. அவள் வெளியே இருந்தாள். பெரிய மனிதருக்குக் கெபாயாவின் சரிகை வேலையை விளக்க என்னை உள்ளே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

நான் வெளியே வந்தபோது அவள் நாற்காலியில் இல்லை. சாலையோரத்தில் நின்று, போய்க்கொண்டிருந்த ஒரு லோரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தர் உள்ள போய்ப் படத்தைப் பார்த்துட்டு வந்தார் சிக்கு. கால்ல தழும்பு இருந்துச்சு. 'பார்த்தேன்'னு சொன்னார். 'சயாம்'னார். 'கடை'ன்னார். சோறு போடற மாதிரி கையைக் காட்டினார். ஏதோ ஒரு ஊர் பேரு, ரயிலடின்னு சொன்னார். உயிரோட இருக்கார் சிக்கு! கடை வச்சிருக்கார்!"

கடை என்ற சொல் மலாயிலும் உண்டு. மற்றவை அவளுக்குத் தெரிந்த சொற்பத் தமிழ். "வேற என்ன சொன்னார்? முழுசாச் சொல்லுங்க," என்று கேட்டேன். "அவ்வளவுதான்," என்றாள். எந்தத் தோட்டத்து லோரி என்று அங்கே நின்றவர்களை விசாரித்தேன். ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். பின்னர் இரண்டு வாரம் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் மூன்று தோட்டங்களில் கேட்டேன். அந்த மனிதர் அகப்படவில்லை.

நான் விசாரித்து முடிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வடக்கே சயாமுக்கு ரயிலேறிவிட்டாள்.

திரும்பி வந்தபோது தம்பிதான் என் அறைக்கு வந்தான். அந்த மனிதர் சொன்ன ஊரில் ரயிலடிக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு சாப்பாட்டுக்கடை இருந்திருக்கிறது. கடைக்காரரும் சயாம் பாதையில் வேலை செய்து அங்கேயே தங்கிவிட்ட மலாயாக்காரர்தான். ஆனால் அவர் கெடா பக்கத்துத் தோட்டத்துத் தமிழர்.

"எங்களுக்குச் சோறு போட்டார். எங்க அக்கா அவர் கையையே பார்த்துக்கிட்டு இருந்தா. அஞ்சு விரலும் முழுசா இருந்துச்சு," என்றான். "நாங்க கெளம்பும்போது அவர் எங்களைக் கேட்டார், தன் அம்மா உயிரோட இருக்காங்களான்னு பார்த்துச் சொல்ல முடியுமான்னு."

அந்தத் தோட்டத்து முகவரிக்கு நான் எழுதிப் பார்த்தேன். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு ஆட்கள் எங்கெங்கோ போய்விட்டதாக யாரோ பதில் போட்டார்கள். அவருக்குச் சொல்வதற்கும் என்னிடம் ஒன்றுமில்லாமல் போயிற்று.

கழகம் கண்காட்சி வெற்றி என்று பாராட்டுக் கூட்டம் நடத்தியது. தலைவர் சீமைக்குக் கப்பலேறுவதற்கு முன் எல்லோரிடமும் கைகுலுக்கினார். எல்லாவற்றிலும் சிறந்து விளங்கியது அந்த மணமகன் படம்தான், அதைக் கழக அறையில் நிரந்தரமாக மாட்டலாமா என்று செயலாளர் என்னை அவளிடம் கேட்கச் சொன்னார். என்னால் முடியாது என்றேன். அவரே போய்க் கேட்டார். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டாளாம். "மிகப் பெருந்தன்மையான பெண்," என்று என்னிடம் வந்து சொன்னார். அதற்குப் பிறகு நான் சனிக்கிழமைகளில் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டு அனுப்பவும் இல்லை.

ஜனவரியில், பொங்கலுக்கு முந்திய போகி அன்று, தம்பி வந்து என்னைச் சாப்பிடக் கூப்பிட்டான். கம்போங் செட்டியில் அன்றைக்கு இறந்தவர்களுக்குப் படையல். வீட்டுக்குள் தரையில் வரிசையாக வாழையிலை விரித்து, ஒவ்வொரு இலையிலும் அந்தந்த ஆளுக்குப் பிடித்ததை எல்லாம் வைப்பார்கள். இத்தனை வருஷமாகத் தன் கணவன் பேருக்கு அவள் இலை போட விடவில்லையாம். அவன் அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாராம். அன்று வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு இலை இருந்தது. மீன் குழம்பும் புட்டும் வைத்திருந்தார்கள். கிழவியம்மா அதன் முன்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

அவளை அங்கே காணவில்லை. பின்கட்டுக்குப் போனேன். கிணற்றடியில் சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"சிக்கு, ஒண்ணு கேக்கணும்," என்றாள், என்னைப் பார்க்காமலே. "அந்த ஆள் இன்னொரு சொல்லும் சொன்னார். நான் உங்ககிட்ட அப்பச் சொல்லல. அர்த்தம் தெரியாது, ஆனா ஏனோ பயமா இருந்துச்சு. 'மாதிரி'ன்னார். 'இவரு மாதிரி'ன்னார். மாதிரின்னா என்ன?"

'இவரு மாதிரி ஒருத்தர சயாம்ல பார்த்தேன். சாப்பாட்டுக்கடை வச்சிருக்காரு.' அந்த மனிதர் சொன்ன முழு வாக்கியமும் அந்தக் கிணற்றடியில் என் காதில் விழுந்தது.

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று எனக்குத் தோன்றியது.

"மச்சாம்," என்று மலாயில் சொன்னேன். "இவரைப் போல."

"மச்சாம்," என்று அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு சாம்பலை அள்ளி அடுத்த சட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள். உள்ளேயிருந்து சாப்பிட வரும்படி கூப்பிட்டார்கள். "நீங்க போங்க சிக்கு," என்றாள். நான் எழுந்து போனேன்.